கடல் தாண்டும் முன் ஊர்ப்பெயர் வேண்டும்: இங்கிலாந்திலிருந்து அமெரிக்கப் பண்ணைக்குப் போன குடும்பங்களைத் தேடும் வழி

இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் போய் அமெரிக்காவில் நிலம் உழுத ஒரு குடும்பத்தின் வேரைத் தேட உட்காருகிறவர்கள் பலர், முதல் நாளே இங்கிலாந்துப் பதிவேடுகளுக்குள் குதித்துவிடுகிறார்கள். தேடுபெட்டியில் பெயரையும் பிறந்த ஆண்டையும் போட்டால் நூற்றுக்கணக்கில் ஆட்கள் வந்து விழுவார்கள். வயது ஒத்துப்போகிற ஒருவரைப் பிடித்துக்கொண்டு, அவருடைய அப்பா, தாத்தா, பூட்டன் என்று 1600 வரை ஏறிவிடலாம். ஏறியது யாருடைய கொடிவழியில் என்பதுதான் கேள்வி.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கிராமங்களில் பெயருக்குப் பஞ்சம். ஆண்களில் ஜான், வில்லியம், தாமஸ், ஜார்ஜ். பெண்களில் மேரி, எலிசபெத், ஆன், சாரா. தலைமுறை தலைமுறையாக இவையே சுழலும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால், ஒரே ஊரில் ஒரே பத்தாண்டில் ஒரே பெயரோடு இரண்டு மூன்று பங்காளிப் பிள்ளைகள் இருப்பது சாதாரணம். அதனால் இந்த வேலைக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு: குடியேறியவர் இங்கிலாந்தில் எந்த ஊர், எந்தத் தேவாலய எல்லையைச் சேர்ந்தவர் என்று ஏதாவது ஓர் அமெரிக்கத் தாள் எழுத்தில் சொல்லும் வரை இங்கிலாந்துப் பக்கம் போகாதீர்கள். அந்த எல்லையை அங்கே பாரிஷ் என்பார்கள். கீழே அந்தச் சொல்லே வரும்.

இங்கே சொல்வது 1820-க்குப் பிறகு இலினாய், விஸ்கான்சின், அயோவா, நெப்ராஸ்கா, கன்சாஸ் பகுதிகளில் குடியேறிப் பண்ணை நடத்திய குடும்பங்களுக்குப் பொருந்தும். அமெரிக்காவில் சம்பந்தம் செய்துகொண்ட தமிழ் வீடுகளில், பேரப்பிள்ளைகளுக்காக மற்றப் பக்கத்து வரலாற்றையும் எழுதிவைக்க நினைப்பவர்களுக்கு இது நேராக உதவும். குடும்பப் பெயர் மாறாமல் வருவதால் வேலை எளிது என்று தோன்றும். அந்தப் பெயரே ஆளை ஏமாற்றும் என்பதையும் போகப் போகப் பார்க்கலாம்.

வீட்டில் இருக்கும் தாள்கள்

முதலில் வீட்டு அலமாரி. குடும்ப பைபிளின் நடுப் பக்கங்களில் பிறப்பு, திருமணம், இறப்பு எழுதும் வழக்கம் உண்டு. பைபிள் அச்சான ஆண்டை முதலில் பாருங்கள். 1880-இல் அச்சான பைபிளில் 1830-இன் பிறப்பு இருந்தால், யாரோ பிற்பாடு நினைவிலிருந்து எழுதியது என்று அர்த்தம். பழைய புகைப்படங்களின் பின்பக்கத்தில் ஸ்டுடியோ பெயரும் ஊரும் அச்சடித்திருக்கும். இங்கிலாந்து ஊர் இருந்தால் அது பொன். கடித உறைகளின் தபால் முத்திரை, இறுதிச் சடங்கு அட்டை, பண்ணை ஏலம் விட்ட நோட்டீஸ், நிலப் பத்திர நகல் எதையும் தள்ளாதீர்கள்.

குறித்துக்கொள்ளும் முறையை இப்போதே முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் நான்கு விஷயம்: யார், எப்போது, எங்கே, எந்தத் தாளில் இருந்தது. பெண்களைப் பிறந்த வீட்டுப் பெயரில் எழுதுங்கள். மாதத்தை எண்ணில் எழுதவே கூடாது. 3/4/1880 என்பது அமெரிக்காவில் மார்ச் 4, இங்கிலாந்தில் ஏப்ரல் 3. இந்த ஒரு குழப்பத்தால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவதுண்டு.

பணம் கட்டும் தளங்களுக்கு அவசரப்பட வேண்டாம். ஃபேமிலிசர்ச் இலவசம், இந்த வேலையில் பெரும் பங்கை அங்கேயே முடிக்கலாம். ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் இரண்டுக்கும் தேட வேண்டியவற்றைப் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு, ஒரு மாதச் சந்தா கட்டி ஒரே மூச்சில் முடிப்பது புத்திசாலித்தனம். மற்றவர்கள் ஏற்றிவைத்த கொடிவழிகளைத் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் ஒரே தகவலைப் போட்டிருந்தால், ஒருவர் எழுதியதை ஒன்பது பேர் நகலெடுத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

அமெரிக்க சென்சஸ்: பின்னோக்கி, ஒன்று விடாமல்

அமெரிக்க சென்சஸ் பத்து ஆண்டுக்கு ஒரு முறை. 72 ஆண்டு கழித்தே பெயர்களோடு வெளியிடுவார்கள் என்பதால் இப்போதைக்கு 1950 வரை கிடைக்கும். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டியது வேறு:

- 1940: பெயர் பக்கத்தில் வட்டத்துக்குள் பெருக்கல் குறி இருந்தால், கணக்கெடுப்பவருக்குப் பதில் சொன்னவர் அவர்தான். மற்ற ஆண்டுகளில் பதில் சொன்னது அண்டை வீட்டுக்காரராகக்கூட இருக்கலாம்.
- 1920: எந்த ஆண்டு குடியுரிமை பெற்றார் என்பது இருக்கும்.
- 1900: பிறந்த மாதமும் ஆண்டும், மணமாகி எத்தனை ஆண்டு, தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு எத்தனை, எந்த ஆண்டு அமெரிக்கா வந்தார். பண்ணைக் குடும்பத்துக்கு இதைவிட நல்ல பக்கம் இல்லை.
- 1880: குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு, பெற்றோர் எங்கே பிறந்தவர்கள்.
- 1850: அடிமைகள் நீங்கலாக வீட்டிலுள்ள எல்லோர் பெயரையும் எழுதிய முதல் சென்சஸ். உறவு எழுதவில்லை, கூட இருக்கும் சிறுவன் மகன் என்று நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

1890 சென்சஸின் பெரும்பகுதி 1921-இல் நேர்ந்த தீ விபத்துக்குப் பிறகு அழிந்துபோனது. 1880-க்கும் 1900-க்கும் நடுவே உள்ள இந்த இருபது ஆண்டுப் பள்ளத்தில்தான் பல குடும்பங்கள் தொலைகின்றன, ஏனென்றால் மேற்கே புது நிலம் தேடி இடம்பெயர்ந்ததும் இதே காலம். மாநில சென்சஸ்கள் இந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்பும். கன்சாஸ் 1885, 1895 ஆண்டுகளிலும், அயோவா 1885, 1895 ஆண்டுகளிலும் தனியாகக் கணக்கெடுத்தன. 1925-இன் அயோவா சென்சஸ் பெற்றோர் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், அவர்கள் மணந்துகொண்ட இடம் வரை கேட்டது. அயோவாவில் வாழ்ந்த ஒரே ஒரு கிளை இருந்தாலும் அதைத் தேடி எடுங்கள்.

விவசாயிகளுக்கென்றே தனி அட்டவணை 1850, 1860, 1870, 1880 ஆண்டுகளுக்கு இருக்கிறது. உழுத நிலம் எத்தனை ஏக்கர், உழாதது எத்தனை, குதிரை, கறவை மாடு, பன்றி, கோதுமை, சோளம், வெண்ணெய் என்று வரிசையாக வரும். 1850-இல் ஆண்டுக்கு 100 டாலருக்குக் குறைவாக விளைந்த பண்ணைகளைச் சேர்க்கவில்லை. அதனால் பெயர் இல்லாவிட்டால் நிலம் இல்லை என்று ஆகாது. 1900-க்கும் 1910-க்கும் உரிய பண்ணை அட்டவணைகளை அரசே அழித்துவிட்டது. அந்த சென்சஸ் பக்கத்தில் பண்ணை அட்டவணை எண் மட்டும் பரிதாபமாக நிற்கும்.

ஒரு பழக்கம் கட்டாயம் வேண்டும். உங்கள் குடும்பம் உள்ள பக்கத்தோடு நிறுத்தாமல், முன்னும் பின்னும் ஐந்தாறு வீடுகளையும் எழுதி வையுங்கள். இங்கிலாந்துக்காரர்கள் பெரும்பாலும் தனியாகப் போகவில்லை. முதலில் ஒருவர் போய், கடிதம் போட்டு, தம்பி, மைத்துனன், ஊர்க்காரர் என்று வரவழைத்தார்கள். இலினாயின் எட்வர்ட்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) 1818 வாக்கில் மோரிஸ் பர்க்பெக்கும் ஜார்ஜ் ஃபிளவரும் ஏற்படுத்திய ஆல்பியன் குடியேற்றம் முழுக்க இங்கிலாந்துக்காரர்கள் சேர்ந்து அமைந்தது. அப்படிப் பெயர் பெறாத சிறு கூட்டங்கள் எத்தனையோ. உங்கள் ஆளின் ஊர் எந்தத் தாளிலும் கிடைக்காதபோது, பக்கத்துப் பண்ணைக்காரரின் கல்லறையில் அது செதுக்கியிருக்கும்.

நிலம்: இந்தத் தேடலின் முதுகெலும்பு

நம் ஊரில் நிலம் வாங்கப் போனால் மூலப் பத்திரத்திலிருந்து இன்று வரை தொடர்ச்சி பார்ப்போம். அமெரிக்கப் பண்ணைக் குடும்பத்துக்கும் அதையேதான் செய்ய வேண்டும். பெயர் தவறாக எழுதப்படும், வயது கூடும் குறையும், நிலம் மட்டும் நகராது. ஒரே பெயரில் இருவர் இருந்தால் அவர்களைப் பிரித்துக் காட்டுவது எந்த நிலம் யாருடையது என்பதுதான்.

முதலில் நில விவரத்தை வாசிக்கக் கற்க வேண்டும். 1785-இல் வந்த சட்டத்தின்படி நடுமேற்கு முழுவதையும் கட்டம் கட்டி அளந்தார்கள். 6 மைலுக்கு 6 மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்‌ஷன். ஒரு செக்‌ஷன் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். அதில் கால்பங்கு 160 ஏக்கர். கால்பங்கில் கால்பங்கு 40 ஏக்கர். செக்‌ஷன் எண் வடகிழக்கு மூலையில் 1 எனத் தொடங்கி மேற்கே 6 வரை போய், கீழிறங்கித் திரும்பிக் கிழக்கே 12 வரை வரும். இப்படி மாறி மாறி ஓடித் தென்கிழக்கு மூலையில் 36-இல் முடியும். "தென்கிழக்குக் கால்பங்கின் வடமேற்குக் கால்பங்கு, செக்‌ஷன் 14" என்று இருந்தால் பின்னாலிருந்து படியுங்கள்: 14-ஆம் செக்‌ஷனைப் பிடித்து, அதன் தென்கிழக்கு 160 ஏக்கருக்குப் போய், அதற்குள் வடமேற்கு 40 ஏக்கர்.

இங்கே தவறுவது இரண்டு இடத்தில். டவுன்ஷிப் எண்ணும் (வடக்கு-தெற்கு வரிசை) ரேஞ்ச் எண்ணும் (கிழக்கு-மேற்கு வரிசை), அளவைக்கு அடிப்படையான முதன்மை நெடுவரை ஒவ்வொன்றுக்கும் புதிதாகத் தொடங்கும். அயோவாவுக்கு ஐந்தாவது வரை, கன்சாஸுக்கும் நெப்ராஸ்காவுக்கும் ஆறாவது. வரையின் எண்ணை எழுதாவிட்டால் நிலம் வேறு மாநிலத்துக்குப் போய்விடும். இன்னொன்று, சென்சஸில் வரும் டவுன்ஷிப் நிர்வாகப் பிரிவு. அளவைக்கு வரும் டவுன்ஷிப் கட்டம். பெயரும் எல்லையும் ஒத்துப்போக வேண்டும் என்று இல்லை.

கென்டக்கி, டென்னசி, டெக்சஸ், பழைய பதின்மூன்று மாநிலங்கள் ஆகியவற்றில் இந்தக் கட்டம் கிடையாது. அங்கே நம் பத்திரத்து நான்கெல்லை போல, இந்த ஓக் மரத்திலிருந்து அந்த ஓடை வரை என்றுதான் எழுதினார்கள். மரம் விழுந்தால் வழக்கு. ஆபிரகாம் லிங்கனின் தந்தை தாமஸ் கென்டக்கியில் வாங்கிய நிலங்களுக்கு உரிமைச் சிக்கல் வந்து, 1816-இல் அரசு அளந்து விற்ற இண்டியானா நிலத்துக்குக் குடிபெயர்ந்தார். கென்டக்கியிலிருந்து இண்டியானாவுக்கோ இலினாய்க்கோ திடீரென்று நகர்ந்த குடும்பம் என்றால், பழைய கவுண்டியின் நீதிமன்ற ஏடுகளில் நில வழக்கைத் தேடுங்கள்.

அரசு முதன்முதலாகத் தனியாருக்கு நிலம் தந்த ஆவணத்தைப் பேட்டன்ட் என்பார்கள். அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் பொது நில அலுவலகப் பதிவுத் தளத்தில் பெயர், மாநிலம், கவுண்டி கொடுத்தால் படமே இலவசமாகக் கிடைக்கும். அந்தத் தாளில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் அதிலுள்ள நில விவரமும் சான்றிதழ் எண்ணும் பின்னால் இருக்கும் கோப்புக்குத் திறவுகோல்.

நிலம் எந்தச் சட்டத்தில் வந்தது என்பதை அதே தாளில் பாருங்கள். காசு கொடுத்து வாங்கியிருந்தால் (1820-க்குப் பின் ஏக்கருக்குக் குறைந்தபட்சம் 1.25 டாலர்) கோப்பில் ரசீது தவிர அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். 1862-இன் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் வந்திருந்தால் உடனே கோப்புக்கு எழுதிப் போடுங்கள். அந்தச் சட்டப்படி 21 வயதானவரோ குடும்பத் தலைவரோ 160 ஏக்கர் வரை கேட்டுப் பெற்று, 5 ஆண்டு அங்கேயே குடியிருந்து பயிரிட்டுக் காட்ட வேண்டும். கட்டணம் எல்லாம் சேர்த்து சுமார் 18 டாலர். வெளிநாட்டவர் என்றால் குடிமகனாகும் எண்ணத்தை முதலில் அறிவித்திருக்க வேண்டும். கடைசிச் சான்று காட்டும்போது குடிமகனாகியிருக்க வேண்டும். அதனால்தான் அந்தக் கோப்பில் குடியுரிமைத் தாளின் நகல் இருக்கிறது. கூடவே வீட்டின் நீள அகலம், கிணறு, வேலி, உழுத ஏக்கர், எந்த நாள் குடிவந்தார், மனைவி மக்கள் எத்தனை பேர், சாட்சி சொன்ன அண்டை வீட்டார் இருவரின் வாக்குமூலம். கோப்புகள் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. நில விண்ணப்பக் கோப்புக்குரிய படிவத்தில் மாநிலம், நில அலுவலகம், சான்றிதழ் எண், நில விவரம் நான்கையும் நிரப்பி அனுப்ப வேண்டும்.

வறட்சியாலோ வெட்டுக்கிளியாலோ பாதியில் விட்டுப் போனவர்களுக்குப் பேட்டன்ட் இருக்காது, ஆனால் கோப்பு இருக்கும். நில அலுவலகத்தின் டிராக்ட் புத்தகங்களில் நில விவரத்தைக் கொண்டு தேடினால் ரத்தான விண்ணப்பங்களும் தெரியும். ஃபேமிலிசர்ச்சில் இப்புத்தகங்களின் படங்கள் உள்ளன. இன்னொரு வகை, ரயில்வே கம்பெனிகள் தமக்குக் கிடைத்த நிலத்தை விற்றது. அப்படி வாங்கியவருக்குப் பேட்டன்ட்டும் இருக்காது, ஹோம்ஸ்டெட் கோப்பும் இருக்காது. கவுண்டிப் பத்திரங்கள்தான் கதி.

அந்தப் பத்திரங்கள் கவுண்டி தலைநகரில் உள்ள பதிவாளரிடம் இருக்கும். விற்றவர் பெயருக்கு ஓர் அகரவரிசைப் பட்டியல், வாங்கியவர் பெயருக்கு ஓர் அகரவரிசைப் பட்டியல். இரண்டையும் பாருங்கள். விலை 1 டாலர் என்றும் அன்பின் பேரில் என்றும் எழுதியிருந்தால் பெற்றோர் பிள்ளைக்குக் கொடுத்தது. கணவன் நிலம் விற்கும்போது மனைவி தன் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடுவது வழக்கம் என்பதால், திருமணப் பதிவு இல்லாத இடத்தில்கூட அவள் பெயர் இங்கே கிடைக்கும். உயில் எழுதாமல் இறந்த விவசாயியின் பிள்ளைகள் சேர்ந்து செய்த பாகப்பிரிவினை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. மணமான பெண்கள் புதுப் பெயரோடும், கணவன் பெயரோடும், அப்போது வாழ்ந்த ஊரோடும் வரிசையாக வருவார்கள். இறந்த தேதிக்குப் பின் இருபது ஆண்டு வரை இதைத் தேட வேண்டும். விதவை இறந்த பிறகுதான் பல குடும்பங்கள் நிலத்தைப் பிரித்தன. கவுண்டியே இரண்டாகப் பிரிந்திருந்தால் பழைய பத்திரம் தாய்க் கவுண்டியில் தங்கியிருக்கும்.

ஊர்ப்பெயர் எங்கே ஒளிந்திருக்கும்

இப்போது கப்பல் பட்டியலுக்கு ஓடத் தோன்றும். ஏமாற்றமே மிஞ்சும். அமெரிக்கத் துறைமுகப் பட்டியல்கள் 1820-இலிருந்து உள்ளன. ஆனால் 1893-க்கு முன்னால் பெயர், வயது, தொழில், நாடு, அவ்வளவுதான். பிறந்த ஊர் 1906-க்குப் பிறகும், ஊரில் இருக்கும் நெருங்கிய உறவினர் பெயர் 1907-க்குப் பிறகும்தான் கேட்டார்கள். பிரிட்டனிலிருந்து புறப்பட்டவர் பட்டியல் 1890-இலிருந்தே தொடங்குகிறது. எல்லிஸ் தீவு திறந்தது 1892 ஜனவரி 1. அதற்கு முன் 1855 முதல் 1890 வரை நியூயார்க்கில் இறங்கியவர்கள் காசில் கார்டன் என்ற குடியேற்ற நிலையம் வழி வந்தவர்கள். எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றினார்கள் என்ற கதையையும் விட்டுவிடுங்கள். அவர்கள் கையில் இருந்தது கப்பல் கம்பெனி எழுதிக்கொடுத்த பட்டியல். குடியுரிமைத் தாளும் 1906 செப்டம்பருக்கு முன் விக்டோரியா ராணியின் விசுவாசத்தைத் துறக்கிறேன் என்பதற்கு மேல் பெரும்பாலும் சொல்லாது.

உண்மையில் ஊரைச் சொல்பவை வேறு. உள்ளூர் வாரப் பத்திரிகையின் இரங்கல் செய்தி முதலிடம்; அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் குரோனிக்ளிங் அமெரிக்கா தளத்தில் பல பத்திரிகைகள் இலவசம். அடுத்தது கல்லறைக் கல். ஃபைண்ட் எ கிரேவ் தளத்தில் படம் இருந்தால் கல்லை மட்டும் நம்புங்கள், கீழே யாரோ எழுதிய குறிப்பை அல்ல. பிறகு மெத்தடிஸ்ட், எபிஸ்கோபல் சபைப் பதிவேடுகள், திருமண விண்ணப்பங்கள், உள்நாட்டுப் போர் ஓய்வூதியக் கோப்புகள். 1870-களிலிருந்து கவுண்டி வரலாறு என்று தடித்த நூல்கள் வந்தன. அதில் இடம்பெற்ற விவசாயிகள் பெரும்பாலும் சந்தா கட்டியவர்கள், தங்களைப் பற்றித் தாங்களே சொன்னவர்கள். பிறந்த ஊரை நம்பலாம். பிரபு வம்சம் என்றால் நம்ப வேண்டாம்.

உங்கள் நேர் மூதாதையின் தாளில் ஊர் இல்லாவிட்டால் அவருடைய அண்ணன், தங்கை, மைத்துனர் தாள்களைத் தேடுங்கள். கடைசியாக இறந்த உடன்பிறப்பின் இறப்புச் சான்றில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம், ஏனென்றால் படிவங்கள் காலம் செல்லச் செல்ல அதிகம் கேட்டன. பிள்ளைகளின் நடுப்பெயர் விநோதமாக இருந்தால் அது பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயராக இருக்கலாம்.

பெயர் ஒற்றுமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு லிங்கனே சாட்சி. 1859-இல் தன்னைப் பற்றி எழுதிக்கொடுத்த சிறு குறிப்பில், நியூ இங்கிலாந்தில் அதே பெயரில் உள்ள குடும்பத்தோடு தன் குடும்பத்தை இணைக்க முயன்றதில் மொர்தெகாய், சாலமன், ஆபிரகாம் போன்ற பெயர்கள் இரு பக்கமும் வருவதற்கு மேல் உறுதியாக எதுவும் கிடைக்கவில்லை என்கிறார். ஊகம் சரியாகவே இருந்தது. நார்ஃபோக்கின் ஹிங்ஹாமிலிருந்து 1637-இல் மாசசூசெட்ஸ் வந்த சாமுவேல் லிங்கன்தான் அவர்களுக்கு மூலவர். ஆனால் அது ஆபிரகாம் லிங்கன் இறந்த பின்னரே, பத்திரமும் உயிலுமாகத் தேடித்தான் நிலைநாட்டப்பட்டது.

இனி இங்கிலாந்து

ஊர்ப்பெயர் கிடைத்ததும் அது ஒன்றா பலவா என்று பாருங்கள். சட்டன், நியூட்டன், நார்ட்டன் என்ற ஊர்கள் இங்கிலாந்து முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. கவுண்டியும் அருகிலுள்ள சந்தை ஊரும் தெரிய வேண்டும். பாரிஷ் ஒரு கவுண்டியிலும், அதன் பதிவு மாவட்டம் பக்கத்துக் கவுண்டியிலும் இருப்பதுண்டு. 1974-இல் கவுண்டி எல்லைகளே மாறின. இன்றைய வரைபடத்தை வைத்துத் தேடினால் தவறும்.

பிறப்பு, திருமணம், இறப்பை அரசு பதிவுசெய்யத் தொடங்கியது 1837 ஜூலை 1. அட்டவணை காலாண்டு வாரியாக இருக்கும். பதிவான தேதிதான் கணக்கு, பிறந்த தேதி அல்ல. பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் இருந்ததால் டிசம்பர்க் குழந்தை மார்ச் காலாண்டில் வருவது இயல்பு. 1875 வரை பதியாத பெற்றோருக்குத் தண்டனை இல்லாததால் பல பிறப்புகள் விடுபட்டன. அவற்றை ஞானஸ்நானப் பதிவேட்டில் பிடிக்க வேண்டும். தேடுவதற்கு ஃப்ரீபிஎம்டி தளம் இலவசம். பொதுப் பதிவு அலுவலகத்தின் சொந்த இணைய அட்டவணை இன்னும் மேல், ஏனென்றால் அதில் 1837 முதலே தாயின் பிறந்த வீட்டுப் பெயர் உண்டு. 1837-க்குப் பிந்தைய திருமணச் சான்றில் மணமக்கள் இருவரின் தந்தை பெயரும் தொழிலும் இருக்கும். ஒரே ஒரு சான்றுக்குத்தான் காசு செலவழிக்க முடியும் என்றால் அதை வாங்குங்கள்.

இங்கிலாந்து சென்சஸ் 1841 முதல் பயன்படும். 1841-இல் 15 வயதுக்கு மேற்பட்டோர் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 34 வயதுக்காரர் 30 என்றிருப்பார். பிறந்த பாரிஷ் 1851-இலிருந்துதான் வருகிறது. அதே ஆண்டிலிருந்து விவசாயி எத்தனை ஏக்கர் நடத்துகிறார், எத்தனை ஆள் வைத்திருக்கிறார் என்றும் எழுதினார்கள். அமெரிக்காவில் விவசாயி என்று இருப்பவர் இங்கே பெரும்பாலும் பண்ணைக் கூலி. ஏமாற்றம் வேண்டாம், நிலம் இல்லாததால்தான் போனார்கள். பதினான்கு வயது மகன் பெற்றோர் வீட்டில் இல்லையே என்று தேடினால், ஆண்டுக் கூலிக்கு ஒப்பந்தமாகி வேறு ஊர்ப் பண்ணை வீட்டில் தங்கியிருப்பான்.

1837-க்கு முன்பு பாரிஷ் பதிவேடுகள். 1538-இல் ஆணை வந்தாலும் பல ஊர்களில் ஆரம்ப ஏடுகள் மிஞ்சவில்லை. ஏடு எலிக்கும் ஈரத்துக்கும் போயிருந்தால், ஆண்டுதோறும் பிஷப்புக்கு அனுப்பிய நகலைக் கேளுங்கள். கவுண்டி ஆவணக் காப்பகத்தில் இருக்கும். 1813-க்குப் பிந்தைய ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் தொழிலும் குடியிருப்பும் இருப்பதால் ஒரே பெயர்க்காரர்களைப் பிரிக்கலாம். 1752-க்கு முன் ஆண்டு மார்ச் 25-இல் தொடங்கியது. 1735 பிப்ரவரியில் ஞானஸ்நானம், 1735 ஏப்ரலில் பெற்றோர் திருமணம் என்று இருந்தால் அவசரப்பட்டுக் குறை சொல்ல வேண்டாம். அந்த பிப்ரவரி ஏப்ரலுக்குப் பின்னால்தான் வந்தது.

ஆள் கிடைத்துவிட்டார் என்று தோன்றியதும் செய்ய வேண்டியது அவரைத் தள்ளிவிட முயல்வது. அதே பெயர்க் குழந்தை சிறுவயதிலேயே அடக்கம் செய்யப்பட்டதா என்று பாருங்கள். இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பார்கள் என்பதால் மூத்தவனின் தேதியை இளையவனுக்குப் போடும் தவறு மிக அதிகம். பிறகு, உங்கள் ஆள் அமெரிக்காவில் இருந்த ஆண்டுகளில் இங்கிலாந்து சென்சஸில் அந்த ஊர்க்காரர் மனைவி மக்களோடு இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அவர் உங்கள் ஆள் இல்லை. இந்த இரண்டு சோதனையையும் தாண்டி, பெற்றோர் பெயரும் உடன்பிறப்புகள் பெயரும் அமெரிக்கப் பக்கத்தோடு பொருந்தினால் மட்டும் கொடிவழியில் கோடு போட்டு இணையுங்கள்.

ஊர் உறுதியான பின் இரண்டு ஆவணத்தை விட்டுவிடாதீர்கள். 1836 சட்டத்தால் எழுந்த டைத் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகத் தேவாலயத்துக்குச் செலுத்திய வரி) வரைபடமும் பட்டியலும்: ஒவ்வொரு வயலுக்கும் எண், வயலின் பெயர், நிலச் சொந்தக்காரர், நடத்துபவர், உழவா புல்வெளியா, பரப்பு. பரப்பு ஏக்கர், ரூட், பேர்ச்சில் இருக்கும். இலங்கை வாசகர்களுக்குப் பேர்ச் புதிதல்ல, 40 பேர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஓர் ஏக்கர். கூலிக் குடும்பங்களின் வரிசை வீடுகளை ஒருவர் பெயரோடு "மற்றும் பிறர்" என்று முடித்திருப்பார்கள். இன்னொன்று ஏழைகள் சட்டத் தாள்கள். எந்தப் பாரிஷ் இவரைச் சோறு போட்டுக் காக்க வேண்டும் என்று முடிவு செய்ய, பிறந்த இடம், வேலை செய்த பண்ணைகள், கூலி எல்லாவற்றையும் விசாரித்து எழுதினார்கள். கூலியாளின் வாழ்க்கை அவர் வாய்மொழியாகவே கிடைப்பது அநேகமாக இங்கு மட்டும்தான். 1834-க்குப் பின் பாரிஷ்களே செலவு செய்து ஆட்களை அனுப்பியதுண்டு. அதற்கு முன்பே சசெக்ஸின் பெட்வொர்த்திலிருந்து 1832 முதல் 1837 வரை மேல் கனடாவுக்கு (இன்றைய ஒண்டாரியோ) சுமார் 1,800 பேர் அனுப்பப்பட்டார்கள். கனடாவில் சில ஆண்டு இருந்துவிட்டு எல்லை கடந்தவர்களுக்கு நியூயார்க் கப்பல் பட்டியலில் பெயர் இருக்காது.

கீழ்நோக்கி, இன்று வரை

மேலே ஏறியது போதும் என்றானதும், குடியேறியவரின் எல்லாப் பிள்ளைகளையும் கீழே கொண்டுவாருங்கள். ஆண்களுக்கு 1917–18 ராணுவப் பதிவு அட்டைகள் நல்ல துணை. சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கான விண்ணப்பத்தில் பெற்றோர் பெயர் இருக்கும், ஆனால் சொந்தப் பண்ணை நடத்தியவர்கள் 1955-இலிருந்துதான் அத்திட்டத்துக்குள் வந்தார்கள். அதற்கு முன் இறந்த விவசாயிக்கு அந்த விண்ணப்பம் இல்லாமலே போகலாம். நிலம் எந்தக் கிளையில் தங்கியது என்பதைச் சொந்தக்காரர் பெயரோடு அச்சான கவுண்டி நில வரைபடப் புத்தகங்களை ஆண்டு வரிசையாக வைத்துப் பார்த்தால் தெரியும்.

மரபணுச் சோதனையைக் கடைசியில் வையுங்கள். இத்தனை சதவீதம் இங்கிலாந்து என்று வரும் வட்டத்தால் பயன் இல்லை. ஒத்துப்போகும் உறவினர் பட்டியல்தான் பயன். மூன்றாம் நிலைச் சகோதரர்களில் (கொள்ளுத்தாத்தாவின் பெற்றோர் பொதுவாக உள்ளவர்கள்) பத்தில் ஒருவருக்கும், அதற்கு ஒரு தலைமுறை மேலே இணையும் நான்காம் நிலையில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கும் பொதுவான துண்டு எதுவும் தெரியாது. ஆகவே ஒருவர் பட்டியலில் இல்லை என்பது உறவில்லை என்பதற்குச் சான்று அல்ல. குடும்பத்தில் உயிரோடு இருக்கும் மிக மூத்தவரிடம் சம்மதம் கேட்டு அவரைச் சோதிப்பது நல்லது.

அதே நிலம் நூறு ஆண்டாக அதே குடும்பத்தில் இருந்தால் சில மாநிலங்கள் அதற்கு அங்கீகாரம் தருகின்றன. அயோவாவில் 1976 முதல் நூற்றாண்டுப் பண்ணைத் திட்டம் நடக்கிறது. குறைந்தது 40 ஏக்கர் வேண்டும், கை மாறிய ஒவ்வொரு முறையும் யாரிடமிருந்து யாருக்கு, என்ன உறவு என்று காட்ட வேண்டும். மேலே சொன்ன பத்திரத் தொடர்ச்சியை எடுத்து வைத்திருப்பவர்களுக்கு அந்தப் படிவம் ஒரு மாலை வேலை. எழுதியதை இணையத்தில் ஏற்றும்போது உயிரோடு இருப்பவர்களின் பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றையும் மறைத்துவிட்டு ஏற்றுங்கள்.